ஆமை இறைச்சியும் இரண்டு பெட்டிகளும்

ஓய்வுபெற்றவர்களைச் செயலமர்வுக்கு அழைப்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உத்தியோகத்தர்கள் தூங்காமலிருக்க யாராவது பழைய கதை சொல்ல வேண்டும். சென்ற மாதம் அந்த வேலைக்கு என்னைப் பிடித்தார்கள். பிடித்தவர் நஸ்மி. கிண்ணியாக்காரர், இளம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். முன்பு நான் பார்த்த பிரிவை இப்போது அவர் பார்க்கிறார். கொஞ்ச நேரம் அனுபவம் கதைத்தால் போதும் என்று சொல்லி, லிங்கநகரில் என் வீட்டு வாசலுக்கே மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

செயலமர்வின் பொருள் தொழில் அறம். எங்கள் காலத்தில் இப்படி ஒன்று இருக்கவில்லை. இப்போது பதவி உயர்வுக்கு இதன் சான்றிதழ் வேண்டுமாம். அறத்துக்குச் சான்றிதழ் வந்த பிறகு அதில் சித்தியடையாதவர் எவரும் இல்லை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மண்டபம் உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது. யன்னலுக்கு வெளியே ஒரு பெரிய கப்பல் நங்கூரமிட்டிருந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். திரையில் இரண்டு பெட்டிகள். இடது பெட்டியில் ‘கடமை’, வலது பெட்டியில் ‘விளைவு’. விரிவுரையாளர் வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வந்தவர், நல்ல குரல், நல்ல சேட். அவர் விளக்கியது இதுதான். இடது பெட்டிக்காரருக்கு வாக்கை மீறுவது பிழை என்றால் பிழைதான். மீறினால் என்ன நன்மை வரும் என்பது கேள்வியே இல்லை. வலது பெட்டிக்காரர் எந்தச் செயலையும் அதனால் வருகிற நன்மை தீமையை வைத்துத்தான் நிறுப்பார். நன்மை கனத்தால் வாக்கை மீறலாம், மீறத்தான் வேண்டும்.

பிறகு ரயில் வந்தது. தண்டவாளத்தில் ஐந்து பேர், கிளைத் தண்டவாளத்தில் ஒருவர், நெம்புகோல் உங்கள் கையில். கை உயர்த்தச் சொன்னார். பாதிப் பேர் உயர்த்தினார்கள். திருகோணமலை ரயில் பாதையின் கடைசி நிலையம். எங்கள் ரயில் எவரையும் மோதுகிற வேகத்தில் இங்கே வந்து நான் கண்டதில்லை. அதைவிட, அந்த ஐந்து பேரையும் தண்டவாளத்தில் கட்டியது யார் என்று அந்த மண்டபத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. விசாரணை செய்து சம்பளம் வாங்குகிற ஆட்கள் நிறைந்த மண்டபம் அது.

இனி என் அனுபவம். பரிசோதகராவதற்கு முன்பு சிறிது காலம் ஒரு பத்திரிகைக்குப் பிரதேச நிருபராக இருந்தேன். யார், எங்கே, எப்போது என்பதை முதல் வரியில் எழுது, உன் அபிப்பிராயத்தை உன் வீட்டில் வைத்துக்கொள் என்று அங்கே பழக்கினார்கள். அந்தப் பழக்கம் சுகாதாரத் திணைக்களத்தில் எனக்கு உதவியது, சில மேலதிகாரிகளுக்குத் தொல்லையாக இருந்தது. பயிற்சி, கிணற்றுக்குக் குளோரின், கடைகளில் காலாவதியான பால்மா, நுளம்புக் குடம்பி தேடிக் கூரைப் பீலிகளில் ஏறியது எல்லாம் எல்லாப் பரிசோதகருக்கும் ஒன்றுதான். அவற்றை விடுகிறேன். நான் சொல்ல வேண்டியது இரண்டு வைத்தியர்களைப் பற்றியும் ஓர் ஆமையைப் பற்றியும்.

முதலாமவர் டொக்டர் பாலேந்திரா. எங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி. அழகான மனிதர், வேகமானவர், கிராமத்துக்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மணலில் நடப்பார். எதைச் செய்தாலும் ‘மொத்தத்தில் பார்த்தால்’ என்று தொடங்குவார். நகருக்கு வடக்கே ஒரு கரையோரக் கிராமம். அதன் பெயரை எழுதப் போவதில்லை, காரணம் பிறகு தெரியும். அங்கே கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் குடித்து ஓர் ஆளுக்குக் கண் போய்விட்டது. எங்கே காய்ச்சினது என்று ஊர் சொல்லவில்லை. டொக்டர் பாலேந்திரா ஒரு மீனவருடைய வளவுக்குப் போய், கதிரையில் இருந்து, கையை நெஞ்சில் வைத்து, உன் பெயர் வெளியில் போகாது என்று வாக்குக் கொடுத்தார். அந்த ஆள் சொன்னார். டொக்டர் நேரே பொலிசுக்குப் போய் இடத்தையும் சொன்னார், சொன்னவரையும் சொன்னார். சாட்சி இல்லாமல் வழக்கு நிற்காதாம்.

நான் அப்போது புதியவன். ஏன் சேர் என்று கேட்டேன். ‘மொத்தத்தில் பார்த்தால் ஊருக்கு நன்மைதானே’ என்றார். அதில் உண்மை இருந்தது. அந்த வருடம் அந்த ஊரில் வேறு எவருக்கும் கண் போகவில்லை. சொன்ன ஆளின் வலைகள் மட்டும் ஒரு விடியற்காலையில் கரையில் எரிந்து கிடந்தன. டொக்டர் பாலேந்திராவின் கணக்கில் வலை வரவில்லை. அவர் பதவி உயர்வு பெற்று மாகாண அலுவலகத்துக்குப் போனார். அந்த மீனவர் பிறகு கடலுக்கு இறங்கவில்லை.

அவருக்குப் பிறகு டொக்டர் குணநாயகம் வந்தார். இவர் வேறு ரகம். வெள்ளைச் சேட்டின் கை மடிப்பு கத்தி மாதிரி இருக்கும். கதிரையில் இருப்பதற்கு முன்பு கைக்குட்டையால் ஒருமுறை துடைப்பார், நேற்றுத் துடைத்த அதே கதிரையை. நாங்கள் எதையாவது கேட்டால் பதில் சொல்ல மாட்டார். எழுந்து, அலுமாரியைத் திறந்து, சுற்றுநிருபக் கோவையை எடுத்து, உரிய பந்தியை நின்றபடி வாசிப்பார். வாசித்து முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அந்தப் பந்தியின் மேல் வைப்பார். கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். அவர் லஞ்சம் வாங்கியதில்லை, பொய் சொன்னதில்லை, பிந்தி வந்ததில்லை. அவரோடு வேலை செய்த காலத்தில் அவர் எதையும் தீர்மானித்ததையும் நான் கண்டதில்லை. தீர்மானத்தை எல்லாம் கோவை செய்தது. தான் செய்ததை அவர் கடமை என்று சொல்வார்.

இவர்கள் இருவரும் திரையில் இருந்த இரண்டு பெட்டிகள். இனி ஆமை.

சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் காலை வைத்தியசாலையிலிருந்து தகவல் வந்தது. அதே கரையோரக் கிராமத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. வாய் எரிவு, வாந்தி, உதட்டில் புண், ஒரு சிறுமிக்குக் கண் செருகுகிறது. என்ன சாப்பிட்டது என்று கேட்டால் திருக்கை மீன் என்கிறார்கள்.

நச்சுணவு விசாரணையில் ஒரு முறை உண்டு. என்ன சாப்பிட்டீர்கள் என்று முதலில் கேட்கக் கூடாது. அந்தக் கேள்விக்கு வழியிலேயே விடை தயாராகிவிடும். யார் சமைத்தது, யார் பரிமாறியது, யார் சாப்பிடவில்லை என்று கேட்க வேண்டும். ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்க வேண்டும். நோய் வராதவர்களையும் கேட்க வேண்டும், பல தடவை உண்மை அவர்களிடம்தான் இருக்கும். பிறகு குசினி, குப்பைக் கிடங்கு, நாய்கள். எஞ்சிய உணவைக் கொதிநீரில் அவித்த போத்தலில் போட்டு, ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில் வைத்து, அரக்கு முத்திரை இட்டுக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். கொழும்பிலிருந்து முடிவு வரும்போது நோயாளி குணமாகி வீட்டுக்குப் போயிருப்பார், அல்லது வேறு இடத்துக்குப் போயிருப்பார்.

அந்த வீட்டுக் குசினியில் திருக்கை வாடையே இல்லை. பின்வளவில் புதிதாக மூடின மணல் இருந்தது. இரண்டு நாய்கள் அதைவிட்டு அசையவில்லை. மேலே இருந்த மணலைக் காலால் தள்ளிப் பார்த்தேன். ஓட்டின் விளிம்பு தெரிந்தது. அழுங்காமை. கடலாமையில் இந்த இனத்தின் இறைச்சி சில நேரம் நஞ்சாகும், சில நேரம் ஆகாது. வெளியில் பார்த்து அறிய வழியில்லை, மருந்தும் இல்லை. அதைப் பிடிப்பதும் வெட்டுவதும் தின்பதும் சட்டப்படி குற்றம். திருக்கை என்ற பொய் அதனால்தான்.

ஓர் ஆமையை ஒரு வீடு தின்ன ஏலாது. அது பங்காகப் போகும். கரையில் அதற்கு ஒழுங்கு உண்டு. பிடித்தவருக்கு ஒரு பங்கு, தோணிக்கு ஒரு பங்கு, அடுத்தது பிள்ளை பெற்ற வீட்டுக்கு. இரத்தம் ஊறும் என்பார்கள். இந்த ஒழுங்குதான் எனக்குப் பயத்தைத் தந்தது. தாய் தின்றால் தாய்க்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. பால் வழியே குழந்தைக்குப் போகும். எந்தெந்த வீட்டுக்குப் பங்கு போனது என்று அன்றைக்கே தெரிய வேண்டும். தெரிந்தால் தாய்மார் பாலை நிறுத்தலாம், பிள்ளைகளை வைத்தியசாலையில் வைத்துப் பார்க்கலாம். தெரியாவிட்டால் ஏதோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை அழாமல் நல்ல நித்திரை கொள்ளும். நல்ல நித்திரை என்று தாயும் சந்தோஷப்படுவாள்.

பங்கு பிரித்தது புஷ்பமக்கா என்று ஒரு சிறு பெண்ணிடம் கேட்டு அறிந்தேன். ஐம்பது வயதை ஒட்டிய பெண், கரையில் மீன் கூறு போடுகிறவர். அவருடைய வளவுக்குப் போன பிறகுதான் தெரிந்தது, வலை எரிந்த அந்த மீனவரின் மனைவி அவர் என்று. கணவர் உள்ளே படுத்திருந்தார். எழுந்து வரவில்லை.

புஷ்பமக்கா ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து மணலில் வைத்தார். தான் நின்றுகொண்டார்.

ஆமை என்று எனக்குத் தெரியும், அதைப் பற்றிக் கேட்க வரவில்லை, யார் யார் தின்றது என்று கேட்கத்தான் வந்தேன் என்றேன். அவர் அந்தக் கதையையே எடுக்கவில்லை. நஞ்சில்லை என்று பார்த்துத்தான் பங்கு போட்டதாகச் சொன்னார். எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

“காகத்துக்கு ஈரல் போட்டுப் பாத்தனாங்கள் தம்பி. நஞ்செண்டாத் தொடாது. இது திண்டது. திண்டிட்டுப் பறந்தது.”

“எங்க பறந்தது?”

“காகம் எங்க போனதெண்டு ஆர் பாத்தது?”

சிரிக்க வேண்டிய இடமல்ல. ஆனாலும் அந்தச் சோதனையை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு என் உத்தியோகத்தில் ‘விளைவு’ என்று பேசிய எவரைக் கண்டாலும் அந்தக் காகம் நினைவுக்கு வரும். தின்றதைப் பார்ப்பார்கள். பறந்த பிறகு என்ன ஆனது என்று பார்க்க மாட்டார்கள். ‘கடமை’ என்று பேசியவர்கள் காகத்தையே பார்க்க மாட்டார்கள். ஈரல் முறைப்படி வெட்டப்பட்டதா என்று பார்ப்பார்கள்.

பெயர்கள் வேண்டும் என்று மறுபடி கேட்டேன். பொலிசுக்குப் போகாது என்றேன்.

“முந்தி வந்த டொக்டரும் இப்பிடித்தான். கதிரையில இருந்து, கைய நெஞ்சில வச்சுச் சொன்னவர். நீங்கள் எங்க வைக்கப் போறீங்கள்?”

“நான் எங்கயும் வைக்கேல்ல அக்கா. திண்ட வீடுகளில பால் குடிக்கிற பிள்ளையள் இருக்கோ? தாய்க்கு ஒண்டும் தெரியாது. பால்ல போகும்.”

அவர் அதை அறிந்திருக்கவில்லை. முகத்தில் தெரிந்தது.

“ஒரு பேரும் என்ர வாயால வராது,” என்றேன். “செத்தாலும் வராதெண்டெல்லாம் சொல்லேல்ல. வராது. அவ்வளவுதான்.”

புஷ்பமக்கா வேலிப் பக்கம் திரும்பினார். பிறகு கையை நீட்டி, வீட்டை வீடாகக் காட்டிச் சொல்லத் தொடங்கினார். கூறு போடுகிறவரின் நினைவு அது, ஒன்றும் தவறவில்லை. அவற்றில் ஒரு வீட்டில் கைக்குழந்தை இருந்தது. வேறு பிள்ளை பெற்ற வீடு உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். நான் எழுதவில்லை, மனதில் வாங்கிக்கொண்டு வீடு வீடாக நடந்தேன். தாய்க்குச் சொன்னேன், தின்றவர்களை ஒன்றுசேர்த்தேன், ஆமை இறைச்சி என்பதைச் சொல்லி, அம்புலன்ஸ் அனுப்பும்படி டொக்டர் குணநாயகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

அம்புலன்ஸ் உடனே வந்தது, அதை மறைக்கக் கூடாது. அந்தக் குழந்தை உட்பட அன்று போன எல்லோரும் பிழைத்தார்கள். ஆனால் டொக்டர் குணநாயகம் அம்புலன்சுக்குச் சொன்ன கையோடு பொலிசுக்கும் சொன்னார். குற்றம் ஒன்றை அறிந்த அரச உத்தியோகத்தர் அதை அறிவிக்க வேண்டும் என்று கோவையில் இருந்தது. எப்போது அறிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கவில்லை. நாளைக்கு அறிவித்தாலும் கோவை கோபித்திருக்காது. அவர் அதை நினைக்கவில்லை. நினைப்பது அவருடைய வேலைப் பட்டியலில் இருக்கவில்லை. பின்னேரம் வைத்தியசாலை வாசலில் பொலிஸ் ஜீப் நின்றது.

புஷ்பமக்கா எனக்குச் சொல்லாத ஒரு வீடு இருந்தது. அது ஆமையைப் பிடித்தவருடைய வீடு. பிடித்தவர் புஷ்பமக்காவின் சொந்தத் தம்பி. தின்றவர்களின் பெயரை என்னிடம் தந்தார், பிடித்தவரின் பெயரைத் தரவில்லை. ஒருமுறை இந்த வளவில் கொடுக்கப்பட்ட வாக்கு எங்கே போய் முடிந்தது என்பதை அவர் தினமும் உள்ளே படுத்திருக்கும் மனிதரில் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாக்கின் பெறுமதி அவருக்கு அவ்வளவுதான். தின்ற அயலாருக்குப் போதும், தம்பிக்குப் போதாது.

தம்பியின் மனைவி பிள்ளை பெற்றுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

நான் போனதும் புஷ்பமக்கா தம்பி வீட்டுக்கு ஓடியிருக்கிறார். பிள்ளையையும் தாயையும் கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லியிருக்கிறார். அவர்களும் ஒரு முச்சக்கரவண்டியில் போயிருக்கிறார்கள். வாசலில் ஜீப்பைக் கண்டதும் வண்டியைத் திருப்பச் சொல்லியிருக்கிறார் தம்பி. தாய்க்கு வாய் எரிவு மட்டும். பிள்ளை அமைதியாக இருந்தது. வழியில் நித்திரையாகிவிட்டது. விடியும்போது உயிர் இல்லை.

செத்த வீட்டுக்கு நான் போனேன். உத்தியோகமாகப் போகவில்லை, போகாமலிருக்கவும் முடியவில்லை. புஷ்பமக்கா வேலியோரம் வந்தார். அழவில்லை.

“போகச் சொன்னனான். போனவன். வாசல்ல ஜீப் நிண்டது.”

நான் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றேன்.

“இப்ப இந்தப் பேரும் உங்களுக்குத் தெரியும்,” என்றுவிட்டு உள்ளே போனார்.

ஒரு குழந்தை எப்படி இறந்தது என்பதை முதல் வரியில் எழுதச் சொன்னால் நான் இப்படி எழுதுவேன்: ஊர் நன்மைக்காக ஒரு வைத்தியர் மீறிய வாக்கினால் ஒரு பெயர் மறைக்கப்பட்டது, கடமைக்காக இன்னொரு வைத்தியர் அழைத்த பொலிசினால் ஒரு வண்டி திரும்பியது. இருவரும் தத்தம் பெட்டிக்குள் நின்று பார்த்தால் சுத்தமானவர்கள். இன்றும் நல்ல நித்திரை கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

குழந்தை இறந்ததும் விடயம் பெரிதானது. மாகாண அலுவலகத்திலிருந்து டொக்டர் பாலேந்திரா வந்தார். மூவரும் ஓர் அறையில் இருந்தோம். ஆமையைப் பிடித்தவரின் பெயர் வேண்டும் என்றார்கள். இறந்த குழந்தையின் தகப்பனும் அவரும் ஒருவர்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்த ஊர் அதைச் சொல்லவில்லை. பிள்ளை மூச்சடைத்து இறந்ததாகவும், இறைச்சி எங்கிருந்தோ வந்ததாகவும் சொல்லிவிட்டது.

“ஒரு ஆளைக் கோட்டில ஏத்தினாக் கரை முழுக்கப் பயப்படும்,” என்றார் டொக்டர் பாலேந்திரா. “மொத்தத்தில பாத்தா வாற வருஷம் பத்துப் பிள்ளை பிழைக்கும்.”

“பத்தெண்டு எப்பிடித் தெரியும், சேர்?”

“ஒரு பேச்சுக்குச் சொன்னனான்.”

டொக்டர் குணநாயகம் எழுந்து, கோவையை எடுத்து, பந்தியை வாசித்து, கண்ணாடியை அதன்மேல் வைத்தார். ஊரில் ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருப்பதாகவும், இந்தப் பெயரை அவர் தரவில்லை, பிறகு நானே அறிந்தேன் என்றும் சொன்னேன். அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். அந்தப் பெண் இந்தப் பெயரை எனக்குத் தரவேயில்லை, ஆகவே இது என் வாக்குக்குள் அடங்காது என்று விளக்கினார். சட்டத்தரணியாகப் போயிருக்க வேண்டியவர்.

“பேர் தந்தாச் சொல்லமாட்டன் எண்டு சொல்லேல்ல, டொக்டர். ஒரு பேரும் வராதெண்டுதான் சொன்னனான்.”

இரண்டு தத்துவங்களும் நேர் எதிரானவை என்று மண்டபத்தில் விரிவுரையாளர் சொன்னார். அந்த அறையில் இரண்டும் ஒரே கதிரையில் இருந்தன. இரண்டும் ஒரே பெயரைக் கேட்டன.

இதைவிட வேடிக்கை அடுத்த கிழமை நடந்தது. ஒரு பத்திரிகை மணம் பிடித்துவிட்டது. கடற்கரை ஹோட்டல்களுக்குச் சீசன் தொடங்குகிற நேரம். கோவையைத் தவிர வேறு வேதம் அறியாத டொக்டர் குணநாயகம் என்னைத் தனியே கூப்பிட்டு, கரையில் நஞ்சு என்று வெளியில் போனால் ஊரின் பிழைப்பே கெட்டுவிடும், ‘உணவு ஒவ்வாமை’ என்று போட்டால் எவருக்கும் நட்டமில்லை என்றார். மொத்தத்தில் பார்த்தால் என்று மட்டும்தான் சொல்லவில்லை. டொக்டர் பாலேந்திராவோ மாகாணத்திலிருந்து கடுமையாகப் பேசினார். நன்மை தீமை பார்க்க இது சந்தை இல்லை, உத்தியோகத்தர் கீழ்ப்படிய வேண்டும், விதி என்றால் விதி என்றார். இருவரும் ஒரே கிழமையில் சேட்டை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். இருவருக்கும் அளவு சரியாகவே இருந்தது.

நான் கடலாமை நஞ்சு என்று எழுதிக் கொடுத்தேன். பெயர் எழுதவில்லை. ஒழுக்காற்று விசாரணை என்று பயமுறுத்தினார்கள். கடைசியில் குடாவின் மறுகரைக்கு, கட்டைபறிச்சான் பக்கம் இடமாற்றம் தந்தார்கள். தண்டனை இடமாற்றம் என்று சொல்லிக்கொண்டார்கள். அங்கே நல்ல தயிர் கிடைத்தது.

இந்தக் கதையை வீரக் கதையாகச் சொல்ல ஏலாது. வாக்கைக் காப்பாற்றியதால் என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை. மீறிய வாக்கு ஊர் முழுக்கக் கேட்டது, எரிந்த வலையின் புகை எல்லோர் வீட்டுக்கும் போனது. காப்பாற்றிய வாக்குக்குச் சத்தமும் இல்லை, புகையும் இல்லை. நான் பெயர் கொடுக்கவில்லை என்பது அந்த ஊருக்குத் தெரியுமோ தெரியாது. எனக்குப் பின் வந்த பரிசோதகரிடமும் வயிற்றுவலி என்றால் திருக்கை என்றுதான் சொன்னார்கள். புஷ்பமக்காவை அதற்குப் பிறகு ஒருமுறை மீன் சந்தையில் கண்டேன். என்னைக் கண்டதும் சூடை மீனைக் கூறு போட்டுத் தந்தார். மற்றவர்களுக்குப் போட்ட அதே அளவு.

இவ்வளவையும் அந்த மண்டபத்தில் சொன்னேன். ஊர்ப் பெயரும் ஆட்பெயரும் இல்லாமல் சொன்னேன். வைத்தியர்களுக்கும் புஷ்பமக்காவுக்கும் வேறு பெயர் வைத்துத்தான் சொன்னேன், இங்கே எழுதியிருப்பதுபோல. ஒருவரும் தூங்கவில்லை. அழைத்த காரியம் முடிந்தது.

விரிவுரையாளர் மகிழ்ந்துபோனார். மிக நல்ல உதாரணம் என்று சொல்லி, உடனே வெள்ளைப் பலகையில் என்னை இரண்டாகப் பிரித்தார். சட்டப்படியான கடமையை மீறியதால் இடது பெட்டியில் எனக்கு இடமில்லை. பயன் எதுவும் விளையாததால் வலது பெட்டியிலும் இடமில்லை. வாக்கும் ஒரு கடமைதானே என்று ஒரு பெண் உத்தியோகத்தர் கேட்டார். இரண்டு கடமைகள் மோதினால் எது பெரியது என்பது மேலும் ஆராய வேண்டிய விடயம் என்றார் விரிவுரையாளர். பிறகு குழுக்களாகப் பிரித்துக் கலந்துரையாடச் சொன்னார். பெயரைக் கொடுத்திருக்க வேண்டும் என்று இரண்டு குழு, கூடாது என்று இரண்டு குழு. நன்றாகப் பேசினார்கள். அட்டையில் கலர்ப் பேனையால் அம்புக்குறி போட்டார்கள். அந்தத் தாய் அதற்குப் பிறகு என்ன ஆனாள் என்று ஒரு குழுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எந்தப் பெட்டியில் எழுதுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

தேநீர் இடைவேளையில் விரிவுரையாளர் ஒரு கையில் றோல்சோடு என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“ஐயா, இது எங்களுக்குள்ள. அந்த ஆள் ஆர்? இப்பவும் அங்கதான் இருக்கிறாரோ?”

கடமை, விளைவு, அவற்றின் வரலாறு, மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு எல்லாவற்றையும் காலையிலிருந்து விளக்கிய மனிதர். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கைந்து பேர் காது கொடுத்து நின்றார்கள். அவர்களில் இருவர், கூடாது என்று வாதாடிய குழுவில் இருந்தவர்கள்.

“நீங்கள் ரெண்டு பெட்டி காட்டினீங்கள். அதுக்குள்ள தேடிப் பாருங்கோ,” என்றேன்.

நல்ல பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

நஸ்மி என்னை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் அவரும் கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். என் வாசலில் இறங்கிய பிறகுதான் தலைக்கவசத்தைக் கழற்றினார்.

“சேர், அந்த ஊரு எதுன்டு நான் கேக்கல்ல. வடக்குப் பக்கம் முழுக்க இப்ப நான்தானே பாக்கிறன். நாளைக்கு ஆமைக் கதை ஒன்டு வந்தா, எனக்கிட்ட உண்மையச் சொல்லுவாங்களா?”

அது என் கையில் இல்லை. அவரிடம் ஒன்றைத்தான் கேட்க முடிந்தது.

“நீங்கள் ஆருக்கும் வாக்குக் குடுத்து மீறினனீங்களோ?”

நஸ்மி தலைக்கவசத்தின் வாரைக் கையில் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இன்னும் இல்ல, சேர்.”

காலையிலிருந்து அறம் என்ற பெயரில் நான் கேட்ட பேச்சுகளில் நேர்மையானது அது ஒன்றுதான்.